டிஹுவானாவில் வீடு, சான் டியேகோவில் வேலை: சாவி வாங்கும் முன்

கேள்வி: வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது அமெரிக்கக் குடிமகன். சான் டியேகோவின் ஓட்டாய் மேசாவில் மருத்துவக் கருவி செய்யும் கம்பெனியில் தர ஆய்வு இன்ஜினியராக இருக்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை அலுவலகம், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை. சூலா விஸ்டாவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2,900 டாலர் வாடகை. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் டிஹுவானாவில், பிளாயாஸ் பகுதியில் கடல் தெரிகிற மாதிரி இதைவிடப் பெரிய வீட்டை 1,200 டாலருக்குத் தருகிறேன் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் மூன்று பேர் அங்கேதான் குடியிருக்கிறார்கள். ஒரு பிரச்சினையும் இல்லையாம். மனைவிக்கு என் மூலமாகக் கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு ஆறு வயசு, இங்கே பிறந்தவள். ஆகஸ்டில் மாறிவிடலாமா? எல்லை, தண்ணீர், கரண்ட், கார், வரி, வைத்தியம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுங்கள். தை மாசம் அப்பா அம்மா வந்தால் அங்கே தங்க வைக்கலாமா?
- வாசகர், சூலா விஸ்டா

பதில்:

உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் மூன்று பேரும் குடிமக்கள். வேலியின் எந்தப் பக்கம் படுத்துத் தூங்கினாலும் அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டில் ஒருவரிடம் இருப்பது கிரீன் கார்டு. அதனால் வாடகை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பேசிவிடுவோம்: ஆகஸ்டில் மாற வேண்டாம்.

குடிமகனை மணந்து அவருடனேயே வாழ்பவர் கிரீன் கார்டு கிடைத்து 3 ஆண்டில் குடியுரிமை கேட்கலாம். குடியுரிமை மனுவான என்-400 படிவத்தை அதற்கு 90 நாள் முன்பே போடலாம். உங்கள் மனைவிக்கு இன்னும் ஒன்பது மாதம்தான் பாக்கி. அந்த 3 ஆண்டும் அவர் அமெரிக்காவில் தொடர்ந்து 'வசித்திருக்க' வேண்டும். 18 மாதமாவது உடம்பால் உள்ளே இருந்திருக்க வேண்டும். மனுப் போடும் மாவட்டத்தில் கடைசி 3 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகும் பிரமாணம் எடுக்கும் நாள்வரை வசிப்பு அறுபடக் கூடாது. தினமும் எல்லை தாண்டிச் சூலா விஸ்டாவுக்கு வந்துபோனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சட்டம் வசிப்பிடம் என்று சொல்வது ஒருவர் உண்மையில் குடியிருக்கும் முக்கிய வீட்டை. அது டிஹுவானாவில் இருந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

மெக்சிகோவில் குடியிருந்து அமெரிக்காவில் வேலை பார்க்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கு 'கம்யூட்டர்' என்று தனி நிலை உண்டு. ஐ-90 படிவம் போட்டு அதற்கு மாறலாம். அந்தக் காலம் குடியுரிமைக் கணக்கில் சேராது. அதோடு, அது வேலைக்குப் போகிறவருக்கு உள்ள ஏற்பாடு. வேலைக்குப் போகாத உங்கள் மனைவிக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு அந்தப் பக்கம் போனால், குடியுரிமை தள்ளிப்போவது மட்டுமில்லை, கார்டையே கைவிட்டதாக ஒரு அதிகாரி எடுத்துக்கொள்ள இடம் உண்டு. உறவினர் வீட்டு முகவரியைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என்-400 நேர்காணலில் முகவரி வரலாற்றைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எத்தனை முறை எல்லை கடந்தீர்கள் என்பதும் அவர்கள் திரையில் இருக்கும்.

ஆகவே சூலா விஸ்டா வீட்டை மனைவி பிரமாணம் எடுக்கும்வரை விடாதீர்கள். இடைப்பட்ட நாளில் செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் முதலாவது சென்ட்ரி: முன்கூட்டியே விசாரித்து ஒப்புதல் பெற்றவர்கள் எல்லையை வேகமாகக் கடக்க அமெரிக்கா தரும் அட்டை.

எல்லையில் அமெரிக்காவுக்குள் வர மூன்று வகை வழித்தடம்: பொது, ரெடி லேன், சென்ட்ரி. பாஸ்போர்ட் புத்தகம் மட்டும் இருந்தால் பொது வழிதான். வேலை நாள் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் சாதாரணம். ரெடி லேனுக்கு வண்டியில் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் சிப் வைத்த அட்டை இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் கிரீன் கார்டே அதற்குச் செல்லும். உங்களுக்குப் பாஸ்போர்ட் கார்டு வேண்டும். ஏற்கனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு 30 டாலர், 10 ஆண்டு செல்லும். முதலில் இதை வாங்கிவிடுங்கள். பொது வழியைவிட நேரம் மிச்சமாகும்.

தினமும் கடக்கிறவருக்குச் சென்ட்ரி இல்லாமல் சரிப்படாது. நம்பகமான பயணிகள் திட்டத்தின் அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 120 டாலர், 5 ஆண்டு செல்லும். பின்னணி விசாரணை முடிந்து 'நிபந்தனை ஒப்புதல்' வந்தபின் நேர்காணலுக்கு நாள் பிடிக்க வேண்டும். இதற்குச் சில மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் இழுக்கலாம். இப்போதே மூன்று பேருக்கும் சேர்த்துப் போடுங்கள். கிரீன் கார்டுக்காரரும் தகுதியானவரே. மகளை விட்டுவிடாதீர்கள். வண்டியில் ஒரே ஒருவர் உறுப்பினர் இல்லாவிட்டாலும் அந்த வழித்தடத்தில் நுழையக் கூடாது. ஆறு வயசுக் குழந்தைக்கும் அதே விதிதான். காரையும் பதிவு செய்ய வேண்டும். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறதே என்று வாடகைக் காரில் போய் அந்த வழியில் நின்றால் அபராதம். மனைவி குடியுரிமை பெற்றதும் பதிவு மையத்துக்கு நேரில் போய் விவரத்தை மாற்ற வேண்டும்.

டிஹுவானா பக்கத்தில் சென்ட்ரிக்கு நுழைவுச் சாலையே தனி. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் பொது வரிசையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் திரும்ப வழி கிடையாது. ஞாயிறு மதியம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வேலை நாளில் போங்கள்.

அந்த அட்டை பறிபோகப் பெரிய குற்றம் எதுவும் வேண்டாம். மகள் பள்ளிப் பையில் மறந்துவைத்த ஆரஞ்சுப் பழம் ஒன்று போதும். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அத்தோடு முடிந்தது. சொல்லாமல் பிடிபட்டால் அபராதமும் உண்டு, அட்டையும் போகலாம். மாம்பழம், கொய்யா, பச்சை முட்டை, பச்சைப் பன்றிக்கறி வேண்டாம். உங்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: பச்சைக் கறிவேப்பிலை. எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைச் சுமக்கும் ஆசியச் சிட்ரஸ் பூச்சி அந்தச் செடியிலும் ஒண்டும். அதனால் அமெரிக்காவுக்குள் தடை. அந்தப் பக்கம் தொட்டியில் வளர்த்தால் அந்தப் பக்கமே தாளித்துக்கொள்ளுங்கள். அலுவலக நண்பருக்கு ஒரு கொத்து என்று பறித்துக்கொண்டு வராதீர்கள்.

இப்போது பிளாயாஸ். கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அலுவலகம் ஓட்டாய் மேசாவில். பிளாயாஸ் ஊரின் மேற்குக் கோடி, ஓட்டாய் கடவை கிழக்கே விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. தினமும் காலையில் ஒன்று ஊரைக் குறுக்கே கடந்து ஓட்டாய்க்குப் போக வேண்டும், அல்லது மேற்கே உள்ள சான் இசிட்ரோ கடவையில் கடந்து அமெரிக்கப் பக்கத்தில் சுற்றி வர வேண்டும். மழை பெய்தால் பள்ளத்தாக்குச் சாலைகளில் தண்ணீரும் மண்ணும் இறங்கி மொத்தமும் நின்றுவிடும். கடலும் பார்ப்பதற்குத்தான்: கழிவுநீர் கலப்பதால் அங்கே குளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அடிக்கடி வரும், மழைக்குப் பின் கேட்கவே வேண்டாம். ஓட்டாய்க்குப் போகிறவர் டிஹுவானாவிலேயே கடவைக்குப் பக்கமான மேசா தே ஓட்டாய், ஓட்டாய் உனிவெர்சிதாத் பக்கம் பார்ப்பதே புத்திசாலித்தனம். நகர வசதி வேண்டுமென்றால் சோனா ரியோ. இன்னொன்று: விமான நிலையத்தை அமெரிக்காவோடு இணைக்கும் சிபிஎக்ஸ் பாலம் விமானப் பயணிகளுக்கு மட்டும், போர்டிங் பாஸ் இல்லாமல் அதில் நடந்து வேலைக்கு வர முடியாது.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். வாடகையில் மிச்சம் 1,700 டாலர். மாதத்துக்கு 16 அலுவலக நாள். சென்ட்ரி இல்லாமல் நாளுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகப் போனால் மாதம் 40 மணி. மணிக்கு 42 டாலர் சம்பளத்துக்குக் காரில் உட்காருகிறீர்கள், அதிலிருந்துதான் மற்ற செலவும் போக வேண்டும். சென்ட்ரியோடு முக்கால் மணி என்றால் மாதம் 12 மணிதான். அட்டை கைக்கு வந்தபின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வீடு பார்க்கும்போது கடலைப் பார்ப்பதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். டிஹுவானாவின் தண்ணீர் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து மலை ஏறிக் குழாயில் வருகிறது. அந்த ஒற்றைக் குழாயில் பழுது என்றாலும் பராமரிப்பு என்றாலும் பகுதி பகுதியாக நிறுத்துவார்கள். அதை 'தந்தேயோ' என்பார்கள். ஒரு நாளும் போகலாம், மூன்று நாளும் போகலாம். மாடியில் இருக்கும் தொட்டி 'தினாக்கோ'. வழக்கமான அளவு 1,100 லிட்டர். உங்கள் மூன்று பேருக்கு ஆளுக்கு 120 லிட்டர் வைத்தால் நாளுக்கு 360. தொட்டி மூன்று நாள் வரும். கீழே 5,000 லிட்டர் 'சிஸ்தெர்னா' இருந்தால் இன்னும் இரண்டு வாரம் ஓடும். சிஸ்தெர்னா இல்லாத வீட்டுக்குக் குழந்தையோடு போகாதீர்கள்.

தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் விரல் தடிமனுக்குச் சேறு படிந்திருந்தால் வருஷக்கணக்காகக் கழுவவில்லை. மிதவை வால்வைக் கையால் தூக்குங்கள். தண்ணீர் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரவெல்லாம் வழிந்து, மீட்டர் கட்டணம் உங்கள் தலையில் விழும். கீழ்த்தொட்டி வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் தந்தேயோ நாளில் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்துபோகும். மோட்டார் யார் செலவு என்ற சண்டை அப்புறம் தொடங்கும். மேல்மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்து இரண்டு நிமிஷம் விடுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் நின்றது, எத்தனை நாள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் 'கர்ரஃபோன்' கேன் வாங்குவார்கள். குழாய்த் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. ஹீட்டரில் வெள்ளையாக உப்புப் படியும்.

கரண்ட் சிஎஃப்இ என்ற அரசு நிறுவனத்துடையது. 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்கள் அமெரிக்கச் சாமான் எல்லாம் அப்படியே ஓடும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். பெரும்பாலான வீடுகளுக்கு மானிய விலை. ஆனால் கடந்த 12 மாதச் சராசரி மாதத்துக்கு 250 யூனிட்டைத் தாண்டினால், 'டாக்' எனப்படும் மிகைப் பயன்பாட்டு விகிதத்துக்குத் தள்ளி மானியத்தை முழுதாக எடுத்துவிடுவார்கள். இந்தச் சராசரி இணைப்பைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்தது இல்லை. முன்பு குடியிருந்தவர் ஏசி ஓட்டித் தள்ளியிருந்தால் நீங்கள் விளக்கை அணைத்துக்கொண்டு இருந்தாலும் முதல் சில பில்கள் அவர் விகிதத்தில்தான் வரும். கடைசிப் பில்லை வாங்கிப் பாருங்கள். விகிதம் '1' என்று இருக்கிறதா, 'டாக்' என்று இருக்கிறதா என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். பழைய பயன்பாடும் இருக்கும்.

சமையல் எரிவாயு மாடியில் நிலையாகப் பொருத்திய தொட்டியில் இருக்கலாம், நம் ஊர் மாதிரிச் சிலிண்டராகவும் இருக்கலாம். நிலைத்தொட்டி என்றால் அதன் தகட்டில் தயாரித்த தேதி பாருங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் தடிமன் சோதனைச் சான்று கேளுங்கள். லாரிக்காரர் நிரப்பும்போது முன்னும் பின்னும் முள் எங்கே நிற்கிறது என்று மாடியில் நின்று பார்ப்பது நல்லது.

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம், ஒரு மாத முன்பணம். அதோடு 'ஃபியாதோர்' கேட்பார்கள்: அந்த ஊரில் சொத்து உள்ள ஒருவர் உங்களுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லாததால், 'போலிசா ஹுரீதிகா' என்ற சட்டப் பாதுகாப்புப் பத்திரத்துக்குப் பணம் கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் முன்பணத்தைக் கூட்டுவார்கள். பணம் கொடுக்கும் முன் சொத்துப் பத்திரம், சொத்துவரி ரசீது, வீட்டுக்காரரின் வாக்காளர் அட்டை மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாலரில் வாடகை எழுதினாலும் மெக்சிகோவின் நாணயச் சட்டம் 8வது பிரிவுப்படி, கட்டும் நாள் மாற்று விகிதத்தில் பெசோவாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. விகிதத்தை யார் முடிவு செய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீடு வாங்கும் எண்ணம் பின்னால் வந்தால்: எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருக்க முடியாது. வங்கி வழியாக 50 ஆண்டு அறக்கட்டளை, புதுப்பிக்கலாம். நேரடியாக உங்கள் பேரில் எழுதித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

மெக்சிகோ விசா பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் நண்பர்களில் ஒருவராவது எந்தக் காகிதமும் இல்லாமல்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். நடந்து போகும்போது பல நாள் யாரும் கேட்பதில்லை, அதனால் வரும் தைரியம். சுற்றுலா அனுமதி 180 நாள் வரை கிடைக்கும். எத்தனை நாள் என்பது அதிகாரி எழுதுவது. அது சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு. குடியிருக்கிறவருக்குத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை வேண்டும்: முதலில் 1 ஆண்டு, பிறகு 3 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். சான் டியேகோவில் உள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, கடந்த 6 மாத வருமானத்தையோ 12 மாதச் சேமிப்பையோ காட்ட வேண்டும். 2025இல் மாத வருமானம் 4,000 டாலருக்குச் சற்று மேல் கேட்டார்கள். குடும்பத்தில் கூடுதல் ஒவ்வொருவருக்கும் தனித் தொகை உண்டு. குறைந்தபட்சக் கூலியோடு கட்டிய தொகை என்பதால் ஜனவரிதோறும் ஏறும். கல்யாணச் சான்றும் மகள் பிறப்புச் சான்றும் வேண்டும். கலிஃபோர்னியாவில் பிறந்தவள் என்றால் சான்றுக்கு அந்த மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் 'அப்போஸ்தீல்' என்ற, வெளிநாட்டில் செல்லும் அத்தாட்சி முத்திரை வாங்கி, மெக்சிகோவில் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் பெயர்க்க வேண்டும். உங்கள் கல்யாணம் தமிழ்நாட்டில் பதிவானது என்றால் அப்போஸ்தீல் இந்தியாவிலிருந்து வர வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், இப்போதே ஊருக்கு எழுதுங்கள்.

இங்கே ஆட்கள் தவறுவது இரண்டு இடத்தில். தூதரகம் ஒட்டித் தருவது வெறும் நுழைவு விசா. உள்ளே போனபின் 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அதை அட்டையாக மாற்ற வேண்டும். அந்த 30 நாள் தொடங்கியதற்கு எல்லையில் முத்திரை வேண்டும். விமானத்தில் வந்தால் தானாகப் போடுவார்கள். காரில் வந்தால் பச்சை விளக்கு எரியும், நேரே வீட்டுக்குப் போய்விடுவீர்கள், முத்திரை இருக்காது. வண்டியை ஓரம் கட்டி, குடிவரவு அலுவலகத்துக்குள் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது: அட்டைக்கு மனுக் கொடுத்து, அது கைக்கு வராத இடைவெளியில் நாட்டைவிட்டு வெளியேறத் தனி அனுமதி தேவை. தினமும் எல்லை தாண்டுகிறவருக்கு இது பெரிய தலைவலி. அந்த வாரம் விடுப்பு போடுங்கள். மனைவிக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்தபின் எல்லாருக்கும் சேர்த்து விண்ணப்பித்தால், நாட்டுரிமை மாறியதை 90 நாளுக்குள் அறிவிக்கும் இன்னொரு அலைச்சலும் மிச்சம்.

கார். டிஹுவானா இருக்கும் பாஹா கலிஃபோர்னியா மாநிலம் முழுதும் தீர்வையற்ற மண்டலம் என்பதால் அமெரிக்க நம்பர் பிளேட் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டாம். ஆனால் அமெரிக்க இன்சூரன்ஸ் அங்கே சட்டப்படி செல்லாது. மெக்சிகோ நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டை ஆண்டுக் கணக்கில் எடுங்கள். நாள் கணக்கில் எடுத்தால் கட்டுப்படியாகாது. மூன்றாம் நபர் தொகை 300,000 டாலருக்குக் குறையாமல், சட்ட உதவியும் ஜாமீனும் சேர்ந்ததாக இருக்கட்டும். ஆளுக்கு அடிபட்ட விபத்தில் பொறுப்பு தெளிவாகும்வரை ஓட்டுநரை வைத்துக்கொள்வார்கள் என்பதால் அந்த இரண்டும் முக்கியம். மோதினால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய 'அஹுஸ்தாதோர்', அதாவது இழப்பை மதிப்பிடுபவர், சம்பவ இடத்துக்கே வருவார். அவர் வரும் முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கார் இரவில் டிஹுவானாவில் நிற்கிறது என்பதை அமெரிக்கக் காப்பீட்டாளருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். மறைத்தால் இழப்பீட்டின்போது அதைப் பிடித்துக்கொண்டு கைவிரிப்பார்கள். போலீஸ் நிறுத்தி அங்கேயே பணம் என்றால், எழுத்தில் அபராதச் சீட்டு கேளுங்கள், அலுவலகத்தில் கட்டிக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நண்பரின் டிரக்கைக் கடன் வாங்கிப் போவதானால் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் மெக்சிகோவில் சிறை வழக்கு. சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும், வேப் கருவியும் அங்கே கொண்டுபோகக் கூடாதவை.

வரியில் ஒரு ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் குடியிருக்கிறேன், ஆகவே வெளிநாட்டு வருமான விலக்கு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது வெளிநாட்டில் செய்த வேலைக்கு, அதுவும் வரிக் கணக்கில் உங்கள் வேலைத்தளம் வெளிநாட்டில் இருந்தால்தான். உங்கள் வேலைத்தளம் ஓட்டாய் மேசா. கூட்டாட்சி வரி அப்படியே. கலிஃபோர்னியாவில் வசிக்காதவராக 540என்ஆர் படிவம் போடுவீர்கள், ஆனால் அங்கே வேலை பார்த்த நாள்களின் சம்பளத்துக்கு மாநில வரி உண்டு.

மெக்சிகோ பக்கம்தான் பலர் யோசிப்பதே இல்லை. 183 நாள் விதி அங்கே முதல் சோதனை அல்ல. ஒருவரது வீடு மெக்சிகோவில் இருந்தால் அவர் அந்நாட்டு வரிக்குடி. வேறு நாட்டிலும் வீடு இருந்தால் மட்டும் வருமானமும் தொழில் மையமும் எங்கே என்று பார்ப்பார்கள். சூலா விஸ்டா வீட்டைக் காலி செய்த நாள் முதல் உங்களுக்கு ஒரே வீடு. உலக வருமானத்தை அங்கே காட்டி, அமெரிக்காவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் நிலை வரும். இரு நாட்டு ஒப்பந்தம் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் போகும் முன்பே உட்காருங்கள். வெள்ளிக்கிழமை வீட்டு வேலையை மனிதவளத் துறையிடம் சொல்லாமல் டிஹுவானாவில் செய்யாதீர்கள். கம்பெனிக்கும் அங்கே வரிச் சிக்கல் கிளம்பலாம். அலுவலகத்துக்கே வந்துவிடுவது சுலபம். மெக்சிகோ வங்கிக் கணக்குகளில் மொத்தம் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குச் சொல்லும் எஃப்பார் அறிக்கை கட்டாயம்.

வைத்தியத்துக்கு, உங்கள் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எச்எம்ஓ வகையா (குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டும் போகும் வகை) என்று பாருங்கள். அது சேவைப் பகுதிக்குள் குடியிருப்பவருக்கு மட்டும் செல்லலாம். எல்லையோரக் கம்பெனிகள் பலவற்றில் சிம்ன்சா போன்ற எல்லை தாண்டிய திட்டமும் இருக்கும். 2000ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியா உரிமம் பெற்ற மெக்சிகோ திட்டம் அது. வழக்கமான வைத்தியம் டிஹுவானாவில், அவசரம் என்றால் இரு பக்கமும் என்ற ஏற்பாடு. ஆண்டுப் பதிவுக் காலத்தைத் தவறவிட்டுவிட்டு நடுவில் கேட்காதீர்கள். மருந்துக் கடையை ஒட்டிய சின்ன கிளினிக்குகள் சளி காய்ச்சலுக்குப் போதும். ஆன்டிபயாடிக் என்றால் அங்கேயும் 2010 முதல் மருத்துவர் சீட்டு வேண்டும். அவசர எண் அங்கும் 911.

மகள் பள்ளி: சூலா விஸ்டா அரசுப் பள்ளி அந்த மாவட்டத்தில் வசிப்பவர் பிள்ளைக்குத்தான். பழைய முகவரியைக் காட்டித் தொடர்வது சரியில்லை. டிஹுவானாவில் இருமொழித் தனியார் பள்ளிகள் உண்டு. அந்தக் கட்டணத்தை 1,700 டாலரிலிருந்து கழித்துவிட்டு மறுபடி கணக்குப் பாருங்கள். கடிகாரத்தில் தொல்லை எதுவும் கிடையாது: மெக்சிகோ 2022இல் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டபோதும் எல்லை ஊர்கள் அமெரிக்காவோடு சேர்ந்தே மாறுகின்றன. சமையலுக்குப் புளி, கொத்தமல்லி, தேங்காய், பச்சை மிளகாய் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். துவரம் பருப்பும் உளுந்தும்தான் சான் டியேகோவின் மிரா மேசாவிலுள்ள இந்தியக் கடைகளிலிருந்து வர வேண்டும். லேபிளோடு, பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள்.

அப்பா அம்மா விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை, சுற்றுலா அனுமதி போதும். எல்லையில் அந்த முத்திரையை அவர்களுக்கும் கேட்டு வாங்குங்கள். விசா பல முறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கியபோது கிடைத்த ஐ-94 தேதி (தங்க அனுமதித்த கடைசி நாள்), டிஹுவானாவில் சில வாரம் தங்கித் திரும்புவதால் புதிதாக நீண்டுவிடாது; திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அனுமதிப்பது அதிகாரியின் முடிவு. அவர்களுக்குச் சென்ட்ரி இல்லை என்பதால் அவர்கள் இருக்கும் வண்டி பொது வழியில்தான் வர வேண்டும், நீங்களும் கூடவே. வயதானவர்களைக் காரில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நடைபாதைக் கடவையில் கூட்டி வாருங்கள். காரை மனைவி சென்ட்ரியில் ஓட்டி வந்து மறுபக்கம் ஏற்றிக்கொள்ளட்டும். வரும் தையில் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அப்போது நீங்கள் சூலா விஸ்டாவில்தான் இருப்பீர்கள்.